ரெக்ஸ்லின் பார்த்தால் வளரும்

கடற்காற்று ஒரு பக்கமும் உப்பளக் காற்று மறுபக்கமும் வந்து மோதிக்கொள்ளும் தூத்துக்குடியின் தெற்கு ஓரத்தில், மூன்று மாடியும் முப்பத்தாறு வீடும் கொண்ட ஒரு காலனியில், ஜன்னல் கம்பிக்கு நாலு வருஷம், சைக்கிள் செயினுக்கு ரெண்டு வருஷம், கதவுத் தாழ்ப்பாளுக்கு ஆறு வருஷம் என்று ஒவ்வொரு இரும்புக்கும் காற்றே ஆயுசு எழுதி வைத்திருந்த அந்த ஊரில், ரெக்ஸ்லினுடைய கம்ப்யூட்டர் மட்டும் ஒன்பது வருஷமாக உயிரோடு இருந்தது.

அது சும்மா உயிரோடு இருக்கவில்லை. மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து பழசாக வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்ததும் ரெக்ஸ்லின் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவாள். பழைய டூத்பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்து, மதர்போர்டில் பூத்திருக்கும் பச்சைக் களிம்பைப் புள்ளி புள்ளியாகத் தேய்த்து எடுப்பாள். பச்சரிசியை வெள்ளைத் துணியில் முடிந்து, ஈரத்தை உறிஞ்சட்டும் என்று உள்ளே தொங்கவிடுவாள். சித்திரை வைகாசியில் மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதன் முகத்துக்கு நேரே திருப்பி வைத்துவிட்டு, தான் வியர்வையில் நனைந்துகொண்டே விளையாடுவாள்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. பகலெல்லாம் ஐஸ் கம்பெனியில் பில் எழுதுகிற வேலை. சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை அவள் ஆன்லைனில் கோட்டை பிடிக்கிற ஆட்டத்தில் ஐந்து பேர் அணிக்குக் குறிபார்த்துச் சுடுகிறவள். கன்னியாகுமரிக்கும் மதுரைக்கும் நடுவில் அப்படி ஒரு கை இல்லை என்று முகம் தெரியாத பையன்களெல்லாம் சொன்னார்கள். கை இருந்து என்ன, பத்து நிமிஷம் ஆனால் பெட்டி கொதிக்கும். சரியாகக் கோட்டைக் கதவு திறக்கிற நேரத்தில் திரை அப்படியே உறைந்து நிற்கும். உறைந்தது இளகும்போது அவள் செத்துக் கிடப்பாள்.

சேர்த்து வைத்த காசு முதல் தடவை அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் போனது. ரெண்டாம் தடவை சேர்ந்தபோது, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இருதயராஜிடம் போய், இதை வைத்து என்ன மாற்றலாம் என்று கேட்டாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கிராபிக்ஸ் கார்டு மாத்தலாம். மாத்தினா பவர் சப்ளை தாங்காது. பவர் சப்ளைய மாத்தினா போர்டு தாங்காது. போர்டை மாத்தினா மத்ததெல்லாம் அதுல உக்காராது. கிழவனுக்கு ஒரு பல்லு கட்டப் போயி தாடையவே மாத்தணும்னா எப்படிம்மா?"

"கார்டுக்கு மட்டுந்தான் இருக்கு அண்ணாச்சி."

"அப்ப அரிசி முடிப்பைப் பெருசா கட்டு" என்றார் இருதயராஜ், வருத்தமாகவே.

அவள் வீட்டுக்கு ரெண்டு கதவு தள்ளி டெல்பின் இருந்தாள். ஒரே பெஞ்சில் படித்தவர்கள். டெல்பினுக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும், அணியில் பதிலி ஆளாகச் சேர்த்துவிட்டதும் ரெக்ஸ்லின்தான். டெல்பினின் புருஷன் கிளாட்வின் கப்பலில் மோட்டார்மேன். அந்த ஐப்பசியில் லீவுக்கு வந்தவன், திரும்பிப் போகிறதுக்கு முன்னால் பெண்டாட்டிக்கு ஒரு புத்தம்புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போனான். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நிறம் மாறி மாறிச் சுழலும் மூன்று விசிறி. திருவிழாச் சப்பரம் மாதிரி இருந்தது.

"வந்து பாரேன்ட்டி" என்று டெல்பின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பொறாமை வந்தால் வயிறு எரியும் என்பார்கள். ரெக்ஸ்லினுக்கு அப்படி இல்லை. காதுமடலில் தொடங்கியது, பல்லின் வேர்களில் புளிப்பாக இறங்கியது, கடைசியில் கண்ணில் வந்து சூடான மணல் மாதிரி நின்றுவிட்டது. டெல்பின் கொடுத்த டீயில் ஆடை கட்டுகிற வரைக்கும் அவள் அந்தக் கண்ணாடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். "நல்லாருக்குட்டி" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை டெல்பின் பெட்டியைப் பார்த்தபோது ஒரு கிராபிக்ஸ் கார்டு இருந்த இடத்தில் ரெண்டு இருந்தது. ரேம் நாலு இருந்தது ஆறாகியிருந்தது. அதற்கு இடம் விட்டு மதர்போர்டு ஒரு விரற்கடை நீண்டு, பெட்டியும் கூடவே அகன்றிருந்தது. இருதயராஜை வரவழைத்தார்கள். அவர் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து, புதுக் கார்டின் அடியில் இருந்த சீட்டை வாசித்தார்.

"அடுத்த வருஷம் மார்ச் மாசம் செஞ்சதுன்னு போட்டிருக்கு. நல்ல சரக்கு. சீட்டைக் கிழிச்சிராதீய, வாரண்டி கூடுதல் நாள் வரும்."

இது ரெக்ஸ்லினின் கண்ணால் வந்தது என்று கண்டுபிடித்தது மூன்றாம் மாடி ஜெபமாலை அக்கா. மீன் ஏலத்தில் கூறு பார்த்துப் பழகிய அவளுக்கு எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரியும். போன மாசம் ரெக்ஸ்லின் மாடிப்படியில் நின்று அவளுடைய எலுமிச்சைத் தொட்டியைப் பெருமூச்சோடு பார்த்துவிட்டுப் போனாள், மறுவாரம் காய் ஒவ்வொன்றும் தேங்காய் அளவுக்குத் தொங்கியது. ஐஸ் கம்பெனி முதலாளி மகளின் ஸ்கூட்டரை அவள் ஒரு தடவை தடவிப் பார்த்தாள், அந்த ஸ்கூட்டருக்கு இப்போது பின்னால் மூன்று பேர் உட்கார இடம் இருக்கிறது.

"பொறாமைப்பட்டா பட்டுப்போவும்னுதான் இவ்வளவு நாளும் கேட்டிருக்கேன்" என்றாள் ஜெபமாலை அக்கா, குழாயடியில் எல்லோருக்கும் கேட்கும்படி. "இவ பட்டா தழைக்குது."

அதற்குப் பிறகு காலனி மெல்ல மெல்ல வேறு மாதிரி ஆனது. வாசல்களில் தொங்கிய பூசணிக்காய்களும் பூதத் தலைகளும் இறங்கின. குழந்தைகளின் கன்னத்தில் வைத்த கறுப்புப் பொட்டைத் தாய்மார்கள் முந்தானையால் துடைத்துவிட்டு, ரெக்ஸ்லின் வேலைக்குப் போகிற நேரம் பார்த்துப் படியில் தூக்கிக்கொண்டு நின்றார்கள். புதுச்சேலை கட்டியவர்கள் அவளுக்கு எதிரே ரெண்டு தடவை நடந்தார்கள். பங்குச்சாமி ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பொறாமை தலையான பாவங்களில் ஒன்று என்று முக்கால் மணி நேரம் பேசினார். பேசி முடித்து அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "பாவம் பாவந்தான் மகளே, அதுல மாத்தம் இல்ல. ஆனா நம்ம கோயில் ஒலிபெருக்கி ரொம்பப் பழசு" என்றார்.

ஆனால் பார்க்கச் சொன்னால் மட்டும் போதவில்லை. ஒலிபெருக்கியை அவள் அரைமணி நேரம் முறைத்துப் பார்த்தும் அது ஒரு சாண்கூட வளரவில்லை, ஏனென்றால் ஒலிபெருக்கி மேல் அவளுக்கு ஆசை இல்லை. உள்ளது உள்ளபடி ஏங்கினால்தான் வளர்ந்தது. சங்கிலியும் வளையலும் அவள் பார்வைக்கு அசையவில்லை. ஆனால் டெல்பினுக்குத் தினம் காலை எட்டு மணிக்குக் கப்பலிலிருந்து போன் வரும்போது வேலைக்குப் போகப் படியில் இறங்கிக்கொண்டிருந்த ரெக்ஸ்லின் ஒரு கணம் நின்றாள், அன்றிலிருந்து அந்தப் போன் மணி கால்மணி நேரம் அடித்தது. ரெண்டாம் மாடி இன்பராஜும் அவன் பெண்டாட்டியும் ஒரே தட்டில் சாப்பிடுவதைத் திறந்த கதவு வழியே அவள் பார்த்துவிட்டாள், அந்தத் தட்டு வளர்ந்து வளர்ந்து கதவில் நுழையாமல் போய், கடைசியில் மொட்டைமாடியில் மழைநீர் பிடிக்கப் போட்டார்கள்.

இப்படியாக, யார் வீட்டில் எது வளர்ந்தது என்பதை வைத்து, ரெக்ஸ்லினுக்கு எது எது இல்லை என்று காலனி முழுக்கப் படித்துக்கொண்டது. அவள் தன் தாயிடம்கூடச் சொல்லாத ஏக்கமெல்லாம் முப்பத்தாறு வீட்டிலும் தட்டாகவும் தொட்டிலாகவும் மணிச்சத்தமாகவும் கிடந்தது. படித்துக்கொண்டவர்கள் அதற்கேற்ப நடந்தார்கள். ரெண்டு நாளாகப் பேசாதிருந்த புருஷன் பெண்டாட்டி அவள் வருகிறாள் என்றதும் கைகோத்துக்கொண்டு படியிறங்கினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். "என்ன தலைக்கனம் பாரு" என்றார்கள்.

யாரும் கூடிப் பேசி முடிவெடுக்காமலே இன்னொன்றும் நடந்தது. அவளுக்கு எதுவும் கிடைத்துவிடக் கூடாது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள். கிடைத்துவிட்டால் ஏங்க மாட்டாள், ஏங்காவிட்டால் வளராது. ஐஸ் கம்பெனியில் சம்பளம் கூட்டித் தருவதாக இருந்தது, தள்ளிப்போனது. ஆலந்தலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் ஒரு நாள் காரில் வந்து வாசலில் ரெக்ஸ்லின் வீடு எது என்று விசாரித்தார்கள். ஜெபமாலை அக்காதான் பதில் சொன்னாள். "அப்படி ஒரு பிள்ளை இங்க இல்லியே" என்றாள், முகம் மாறாமல். வந்தவர்களுக்கு எலுமிச்சை ஜூஸ் கொடுத்து அனுப்பினாள்.

தை மாசம் மாநில அளவில் ஒரு போட்டி அறிவித்தார்கள். அணியின் தலைவன் மகிழ்நன் திண்டுக்கல்லில் இருப்பவன், கல்லூரிப் பையன். ஒத்திகை ஆட்டத்தில் ரெக்ஸ்லினின் திரை மூன்று தடவை உறைந்தது. அவன் தயங்கித் தயங்கிப் போன் பேசினான்.

"உங்க கை தங்கம் அக்கா. ஆனா கை மட்டும் விளையாடாதே. டெல்பின் அக்காவைப் போட்டிருக்கேன். நீங்க பெட்டிய சரிபண்ணிட்டா உங்களையே போட்டுர்றேன். ஆள் மாத்த இன்னும் நாள் இருக்கு."

டெல்பின் தானாகவே வந்தாள். "நா கேக்கலட்டி. அவந்தான் போட்டான்" என்றாள். சொல்லும்போது உதட்டை உள்ளே மடித்துக்கொண்டிருந்தாள், சிரிப்பு வெளியே வந்துவிடாமல்.

வழி சொன்னது இருதயராஜ். "ஒன் பெட்டிய நீ பாத்தா வளராது, ஏன்னா அது ஒன்னுது. இன்னொருத்தருக்குக் குடு. பாத்து வயிறெரி. வளந்த பொறவு வாங்கிக்கோ. காசில்லாம பெட்டிய புதுசாக்க எனக்குத் தெரிஞ்சு வேற வழி இல்ல."

ரெக்ஸ்லின் பெட்டியைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி ரெண்டு கையிலும் தூக்கிக்கொண்டு போய் டெல்பின் வீட்டு மேஜையில் வைத்தாள். "இனி இது ஒன்னுது" என்றாள். அரிசி முடிப்பையும் டூத்பிரஷையும்கூடக் கொடுத்தாள்.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாடகம் என்று அவளுக்கே தெரிந்ததை அவள் கண் எப்படி நம்பும்? நாலாம் நாள் சாயங்காலம் கம்பெனியிலிருந்து திரும்பும்போது டெல்பின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. டெல்பின் தன் புதுப் பெட்டியை விட்டுவிட்டு பழையதன் முன்னால் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். மடியில் முறுக்குத் தட்டு. எட்டு வருஷமாக அமுக்கினால் எழும்பாத ஸ்பேஸ் கீயை எப்படியோ சரிபண்ணி வைத்திருந்தாள். பெட்டி ஒரு தடவைகூட உறையவில்லை. ஒன்பது வருஷம் டூத்பிரஷால் தேய்த்துத் தேய்த்துக் காப்பாற்றியது, தனக்கு ஒருநாளும் கொடுக்காத சுகத்தை, முறுக்கு தின்கிறவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. ரெக்ஸ்லினின் காதுமடல் சுட்டது. பல்லின் வேர் புளித்தது.

அன்று தொடங்கியதுதான். களிம்பு பிடித்த போர்டு ஆலிலை மாதிரி மினுங்கியது. ஒற்றைக் கார்டு தடித்து, விசிறி ஒன்று மூன்றாகி, ஹார்ட் டிஸ்க் சுருங்கிச் சீட்டுக்கட்டு அளவாகி வேகம் பிடித்தது. அவள் தினமும் வேலை முடிந்து வந்து கதவடியில் நின்று எரிந்தாள். டெல்பின் சளைக்காமல் அதில் விளையாடிக் காட்டினாள்.

"புதன்கெழமை எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டாள் ரெக்ஸ்லின்.

"இன்னும் ரெண்டு விசிறி வரட்டும்ட்டி. சனிக்கெழம எடுத்துக்கோ. ஆட்டம் ஞாயித்துக்கெழமதான?"

சனிக்கிழமை காலை ரெக்ஸ்லின் அதைத் தன் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். மாவட்டத்திலேயே அப்படி ஒரு பெட்டி இல்லை. மகிழ்நனுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"பேரு குடுக்குறது நேத்து மத்தியானத்தோட முடிஞ்சிருச்சே அக்கா. இனி மாத்த முடியாது. திங்கக்கிழமையே டெல்பின் அக்காகிட்ட சொன்னேனே, உங்ககிட்ட சொல்லச் சொல்லி."

ரெக்ஸ்லின் போனை வைத்துவிட்டுத் தன் அற்புதமான பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அதில் எதையும் ஆடலாம். ஆனால் எதையும் ஆடத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஆட்டம். காலனி முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டி, ஆட்டம் அதில் தெரிகிற மாதிரி ஏற்பாடு செய்திருந்தார்கள். பிரியாணிச் சட்டி இறக்கி வைத்திருந்தார்கள். ஜெபமாலை அக்கா வந்து ரெக்ஸ்லின் கதவைத் தட்டினாள்.

"வாட்டி. டெல்பின் வீட்டுல அவளுக்குப் பின்னால ஒனக்கு நாற்காலி போட்டிருக்கு."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? நீ பாத்தாத்தான அவ ஜெயிப்பா. நம்ம காலனிப் பேரு ஊரெல்லாம் தெரியணும்லா. நல்லா பாரு, கண்ணைக் கொட்டாதே."

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் ரெண்டு கதவு தள்ளித் தன் இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருக்கும்போது பார்க்காமல் இருக்கிற பலம் பொறாமைக்காரர்களுக்குக் கிடையாது. போய் உட்கார்ந்தாள்.

மூன்று சுற்று ஆட்டம். முதல் சுற்றில் டெல்பினின் கையைப் பார்த்தாள். அந்தக் கை இவள் சொல்லிக்கொடுத்த கை, எப்போதும் அரை நொடி பிந்தி அமுக்குகிற கை. இவள் பார்க்கப் பார்க்க அந்தக் கை விரைந்தது, விரல்கள் ஒரு கணு நீண்டன, பாராமலே குறி விழுந்தது. முற்றத்தில் விசில் பறந்தது. முதல் சுற்று டெல்பின் அணிக்கு.

ரெண்டாம் சுற்று தொடங்கியதும் ரெக்ஸ்லின் கண்ணை மூடிக்கொண்டாள். இமைக்குள் ரொம்ப அமைதியாக இருந்தது. வெளியே டெல்பினின் மூச்சு இரைந்தது, கீபோர்டு தடுமாறியது, முற்றத்தில் ஐயோ ஐயோ என்றார்கள். கோட்டை போனது.

இடைவேளை ஐந்து நிமிஷம். டெல்பின் எழுந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

"கண்ணைத் தொறட்டி."

"வெள்ளிக்கெழம மத்தியானத்தோட பேரு முடியுதுன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வந்திருவ" என்றாள் டெல்பின். "நீ வந்துட்டா நா எங்க போவேன்? ஆறு வருசமா ஒங்கூட வெளாடுதேன். ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு எம்பேரைச் சொல்லிருக்கானா? எல்லாத்துக்கும் நீ. புருசன் வாங்கிக் குடுத்த பெட்டிகூட நீ பாத்துதான் பெருசாச்சு. எனக்குன்னு என்னட்டி இருக்கு?" அவள் கையை நீட்டிக் காட்டினாள். நீண்ட விரல்கள் பழையபடி குட்டையாகியிருந்தன. "இதான் என் கை. ஒனக்குத் தெரியும்லா."

ரெக்ஸ்லின் கண்ணைத் திறந்தாள். மனசுக்குள் கொஞ்சம் பரிதாபம் வந்தது. அதைவிட நிறைய வந்தது, அந்தக் காலி நாற்காலியின் மேல் ஆசை.

"தள்ளு" என்றாள். உட்கார்ந்தாள்.

கதவு தாழிட்டபடி இருந்தது. திரையில் டெல்பினின் பெயர் இருந்தது. அந்தப் பெயரைப் போர்த்திக்கொண்டு ரெக்ஸ்லின் மூன்றாம் சுற்றை ஆடினாள். யாருடைய பார்வையின் தயவும் இல்லாமல், ஒன்பது வருஷம் உறைந்து உறைந்து நின்ற கை, உறையாத ஒரு பெட்டியில் முதல் தடவையாக ஓடியது. கோட்டைக் கதவு திறந்தபோது அவள் உயிரோடு இருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற ஐந்து பேரையும் ஐந்தே குண்டில் சாய்த்தாள். டெல்பின் பின்னால் நின்று, வாயில் கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

முற்றம் வெடித்தது. "டெல்பின்! டெல்பின்!" என்று முப்பத்தாறு வீட்டுச் சனமும் கத்தியது. ஜெபமாலை அக்கா குலவை போட்டாள். மகிழ்நன் போனில், "டெல்பின் அக்கா, இப்படி ஒரு கைய எங்கக்கா மறைச்சு வச்சிருந்தீங்க" என்று அலறினான்.

டெல்பின் தாழ்ப்பாளை நீக்கி, வராந்தாக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "வெளாண்டது நா இல்ல! ரெக்ஸ்லின்தான் வெளாண்டா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

கீழே பங்குச்சாமி தலையை ஆட்டினார். "பாத்தியளா, எம்புட்டுத் தாழ்ச்சி" என்றார். "பக்கத்துல இருக்குத பிள்ளைக்கி மனசு நோவக் கூடாதுன்னு பேசுதா." சனங்கள் உருகிப்போய் முன்னைவிட ரெண்டு மடங்கு பலமாக அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

டெல்பின் உள்ளே வந்தாள். "சொல்லிட்டேன்ட்டி. நம்ப மாட்டேங்காவ."

"கேட்டுச்சு" என்றாள் ரெக்ஸ்லின்.

அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்தவர் பட்டியலில் முதலாவதாக அந்தப் பெயர் பொன்னிறத்தில் மின்னியது. நாலே எழுத்து. அந்த நாலு எழுத்தாக இருந்துவிட மாட்டோமா என்று அவளுக்கு இருந்தது. காதுமடல் சுட்டு, பல்லின் வேர் புளித்து, கண்ணில் மணல் வந்து நின்றது. எழுத்துக்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு பெருக்கத் தொடங்கின, மானிட்டரின் விளிம்பைத் தொட்டன, விளிம்பைத் தாண்டிச் சுவருக்கு ஏறின, ஏறிய இடத்தில் சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

"போதும் ரெக்ஸி. பாக்காத" என்றாள் டெல்பின் மெதுவாக.

ரெக்ஸ்லின் கண்ணை எடுக்கவில்லை. முதல் எழுத்தின் கொம்பு ஜன்னலைத் தாண்டி வெளியே வெயிலில் நீண்டது. கீழே நின்றவர்கள் அண்ணாந்து பார்த்து, கையிலிருந்த பிரியாணித் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.